கோயில் வாசலில் அக்கராஜே

ஆகஸ்ட் 2, புதன்

இன்று மூன்று பேர்மேல் கோபம். சிலிண்டர் கொண்டுவருகிறவன்மேல், பாலர் பள்ளி நடத்தும் சிஸ்டர் இவோனேமேல், என்மேல். மூன்று பேரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

சால்வடோரில் எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் வயதான சாமியார் போன மாதம் சலித்துக்கொண்டார். "இர்மா ஜெனோவா, வருஷக்கணக்கா ஒரே பாவத்தைத்தான் கொண்டுவரீங்க. கோபம். ஒரு நோட்டு வாங்கி அதுல எழுதுங்க. பாதி அங்கயே தீந்துரும்." இர்மா என்றால் இங்கே சகோதரி. நோட்டு வாங்கிவிட்டேன். தமிழில் எழுதினால் இந்த மடத்தில் யாராலும் படிக்க முடியாது.

முதல் பக்கம் என்பதால் ஒழுங்காக எழுதுகிறேன். பிரேசிலில், பாஹியா கடற்கரையில், போந்தா செரேனா என்ற இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மடத்துக்கும் சாமியார் வீட்டுக்கும் சேர்த்துச் சமையல் என் பொறுப்பு. புன்னைக்காயலில் பிறந்தவளுக்கு மச்சாடோ என்று போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர் எப்படி வந்தது என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். போர்த்துக்கீசியர் எங்கள் கடற்கரைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்த கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பிப்ரவரியில் பங்குச் சாமியாராக ஃபாதர் இன்னாசிமுத்து வந்தார். காளையார்கோயில் பக்கத்துக்காரர். வயது நாற்பத்திரண்டு, என்னைவிட ஆறு வயது இளையவர். போர்த்துக்கீசியம் இன்னும் நாக்கில் ஒட்டவில்லை, சாப்பாடும்தான். சோறும் பயறும் வைத்து, வெண்ணெயில் வறுத்த மரவள்ளி மாவைத் தூவினால் கரண்டியால் ஒதுக்குகிறார். "என்ன சிஸ்டர் இது, மரத்தூள் மாதிரி." இதற்கு ஃபரோஃபா என்று பெயர். இந்த நாடே இதை அள்ளித் தின்கிறது. இன்று மதியமும் மரத்தூள் என்றார். நான் சிரித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 5, சனி

சனிக்கிழமை என்றால் ஃபெய்ஜோவாடா. பன்றிக் காது, வால், உப்பிட்ட இறைச்சி, தொத்திறைச்சி எல்லாம் போட்டுப் பயறோடு நான்கு மணி நேரம் வேகவேண்டும். முதல் நாளே இறைச்சியை ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றினால்தான் உப்பு இறங்கும். சிஸ்டர் இவோனே ஒரு தண்ணீர் மட்டும் மாற்றிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார். கடல் தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது.

ஃபாதர் தொடவேயில்லை. சாயங்காலம் நானே சதுக்கத்துக்குப் போய் வால்டெலீஸிடம் நான்கு அக்கராஜே வாங்கிவந்தேன். கோயிலின் பக்கவாட்டுப் படிக்கட்டு ஓரமாக இருபத்தாறு வருடமாகக் கடை போடுகிறவள். வெள்ளைச் சரிகைப் பாவாடை, தலையில் வெள்ளைத் துணிக்கட்டு, கழுத்தில் பாசிமணி. ஊறவைத்துத் தோல் நீக்கிய தட்டைப்பயறை அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, மரக்கரண்டியால் மூச்சு வாங்க அடித்து, சிவப்புப் பனையெண்ணெயில் போட்டு எடுப்பாள். நடுவில் கீறி வட்டாப்பா வைப்பாள். ரொட்டியும் காய்ந்த இறாலும் முந்திரியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மசியல் அது. மேலே முழு இறாலும் தக்காளியும்.

ஃபாதர் ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார். "சிஸ்டர், இது நம்ம வடை."

மார்ச்சிலிருந்து இது எத்தனையாவது முறை சொல்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு அதே சந்தோஷம். சாப்பிட்டு முடித்த பிறகும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் உள்ள வித்தியாசம், எங்கள் ஊர்க் கூனி இறால் பொடி, வால்டெலீஸ் மாவு அடிக்கும் விதம், அவள் வீட்டுக் கதைகள். தமிழில் பேசினால் நாக்கு தானாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 9, புதன்

கூரை ஒழுகுகிறது. பீடத்துக்கு இடப்பக்கம் வாளி வைத்தேன். வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனது யார் என்று தெரியும். எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மதியச் சமையலை அப்படியே விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பூசையில் ஃபாதர் பிரசங்கத்தைப் பேப்பரைப் பார்த்து வாசித்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதி, பேக்கரி ஜெரால்டோவின் மகள் மொழிபெயர்த்திருக்கிறாள். ஜெரால்டோ பங்குக் குழுத் தலைவர். பாதி வரை ஊதாரி மைந்தன். பிறகு திடீரென்று, ஆண்டவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு வேறு தெய்வங்களுக்குப் படையல் போடுகிறவர்களைப் பற்றி. "ஒவ்வொரு நாளும் முதல் மூன்றைச் சிறியதாகச் சுட்டுத் தெருவில் போடுகிறார்கள். யாருக்குப் போடுகிறார்கள்? சகோதரரே, நீங்கள் அறிவீர்கள்."

எல்லோரும் அறிவார்கள்தான். அக்கராஜே சுடுகிறவள் கடை திறந்ததும் மூன்று சின்ன உருண்டைகளைச் சுட்டு ஓரத்தில் போடுவாள். அவர்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த வழக்கம். தெருவைக் காக்கும் தெய்வத்துக்கு. போட்டுவிட்டு அதே கையால் சிலுவை போட்டுக்கொள்வாள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து வால்டெலீஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை. முதுகு வளையவில்லை. நற்கருணை வாங்க வரிசையில் நின்றாள். ஃபாதர் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இர்மா, அவருக்கு யார் சொன்னது?"

தெரியாது என்றேன். யாரோ ஃபாதரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊரில் வாய் சும்மா இருக்காது. அதுதான் ஆத்திரமாக வருகிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். மீன் மொக்கேக்கா வைத்தேன். எங்கள் ஊர் மீன் குழம்பில் புளியை எடுத்துவிட்டுத் தேங்காய்ப்பாலும் சிவப்புப் பனையெண்ணெயும் குடைமிளகாயும் சேர்த்தால் அது. மீன் புதுசு. உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். பயப்படட்டும்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பங்குக் குழுக் கூட்டம். சீஸ் உருண்டை சுட்டு அடுக்கிவைத்தேன். மரவள்ளி மாவும் சீஸும் பிசைந்து சுடுவது, சூடாக இருந்தால் யாரும் இரண்டோடு நிறுத்தமாட்டார்கள். ஜெரால்டோ ஆறு தின்றார். பேக்கரி வைத்திருப்பவர், நான் சுட்டதைத் தின்கிறார்.

தின்றுகொண்டே ஃபாதரிடம் சொன்னார்: "அந்த எண்ணெய்ப் புகை நம்ம சுவரைக் கறுப்பாக்குது பாத்ரே. சதுக்கத்துல நடக்க வழியில்லை. நகராட்சிக்கு ஒரு கடிதம் போட்டா போதும்."

கூட்டம் முடிந்ததும் ஃபாதர் சமையலறைக்கு வந்தார்.

"சிஸ்டர், லெட்டரை நீங்கதான் எழுதணும். என் போர்த்துக்கீசியத்துல எழுதுனா சிரிப்பாங்க."

"சுவர் கறுப்பானது மழைத் தண்ணியில ஃபாதர். கூரை ஒழுகி இறங்குது. உங்களுக்கே தெரியும்."

"புகையும் ஒரு காரணம்னு எழுதுங்க. ஒரு காரணம்தானே. பங்கு மக்கள் பலபேர் வருத்தப்படுறாங்கன்னும் போடுங்க."

"யாரு வருத்தப்பட்டா?"

"சிஸ்டர்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் யோசிக்காம சொல்லுவேனா? இது ஆன்மா சம்பந்தப்பட்ட விஷயம்."

எழுதினேன். கீழ்ப்படிதல் துறவியாக நான் கொடுத்த வார்த்தைப்பாடு. கையெழுத்து ஃபாதருடையது, என்னுடையது இல்லை. கடிதம் நன்றாக வந்திருக்கிறது, ஒரு பிழை இல்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். செப்டம்பர் 21 விசாரணை, அதுவரை கடை போடக்கூடாது என்று தாள் கொடுத்தார்கள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வால்டெலீஸ் தாளை இரண்டு முறை படித்தாள். அடுப்பை அணைத்தாள். எண்ணெய் ஆறும்வரை ஒரு மணி நேரம் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் போகாமல் கூடவே நின்றார்கள்.

நான் சமையலறை ஜன்னலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தரம்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பார்த்திருந்தால் வெளியே போயிருப்பேன் என்று எழுதத் தோன்றுகிறது. போயிருக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 26, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஃபாதர் உற்சாகமாக வந்தார். "சிஸ்டர், கூரைக்கு வழி பிறந்துருச்சு. அந்த இடத்துல நம்ம பங்கே ஒரு கடை போடப்போறோம். சனி, ஞாயிறு மட்டும். ஜெரால்டோ மேசை, அடுப்பு எல்லாம் தர்றாரு. நீங்க போடுறீங்க."

"எதை?"

"அந்த வடையைத்தான். அக்கராஜேங்கற பேரு வேண்டாம், அது அவங்க சாமி சம்பந்தப்பட்ட பேருன்னு ஜெரால்டோ சொல்றாரு. 'மாதா பலகாரம்'னு போர்டு எழுதிட்டோம். அந்த மூணு சின்னது கிடையாது. ஜெபிச்சிட்டு ஆரம்பிப்போம்."

"அது வால்டெலீஸோட பக்குவம் ஃபாதர்."

"பருப்பு அரைக்கறதுல என்ன சிஸ்டர் அவளுது, இவளுது. நீங்கதான் எல்லாம் அளவோட எழுதி வெச்சிருக்கீங்களே."

வால்டெலீஸ் வீட்டில் பார்த்து அளவு எழுதிவைத்த என் சமையல் நோட்டைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது. வருடங்களாக வியாழக்கிழமை காலையில் நான் வால்டெலீஸ் வீட்டுக்குப் போவதும், இருவரும் பயறுத் தோல் நீக்கிக்கொண்டே பேசுவதும் ஊருக்கே தெரிந்ததுதான்.

செப்டம்பர் 2, சனி

ஐந்து கிலோ பயறு. கை வலிக்க அடித்தேன். மாவு நன்றாகப் பொங்கியது. கெட்டுப்போகட்டும் என்று ஒரு பக்கம் நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். கெடவில்லை. எனக்குச் சமைக்கத் தெரிகிறது, என்ன செய்ய.

ஃபாதர் ஜெபித்தார். ஜெரால்டோ கைதட்டினார். முதலில் வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். பிறகு நம் ஊர் ஆட்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். கடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலை பின்னும் அடெமார் பாதி தின்றவர், மீதியை என் மேசையில், எனக்கு முன்னால் வைத்தார்.

"இது வால்டெலீஸுடையது" என்றார். குரல் உயரவில்லை. நடந்து போய்விட்டார்.

அந்தப் பாதி அக்கராஜே சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது. எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. கடைசியில் ஃபாதர் எடுத்துத் தின்றுவிட்டார். வீணாக்கக்கூடாதாம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்து வால்டெலீஸ் வீட்டுக்குப் போனேன். அவள் பூசைக்கு வரவில்லை.

வாழையிலையில் மாவை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அபரா. அதே மாவு, பொரிக்காமல் இலையில் மடித்து ஆவியில் வைப்பது. அதைக் கூடையில் வைத்துப் படகுத்துறையில் கொண்டுபோய் விற்கிறாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றேன்.

"நேத்து ஆள் அனுப்பி வாங்கித் தின்னு பார்த்தேன் இர்மா. மாவுல குறை ஒண்ணுமில்லை. வட்டாப்பாவுல இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு."

"வால்டெலீஸ், நான் மனசறிஞ்சு..."

"இருங்க. ஒரு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லிட்டு அப்புறம் மத்ததைச் சொல்லுங்க." இலையை மடித்து நாரால் கட்டினாள். "நான் அந்த மூணைத் தெருவுல போடறது இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷத்துல ஆறு சாமியார் பார்த்துட்டேன். ஒருத்தரும் கேட்டதில்லை. தெரியாமலும் இல்லை. இவருக்கு நம்ம பாஷையில ரொட்டி கேட்கவே வராது. அப்ப இதை எந்த பாஷையில தெரிஞ்சுக்கிட்டாரு?"

கட்டிய பொட்டலத்தைக் கூடையில் வைத்தாள்.

"போங்க இர்மா. இலை காய்ஞ்சுரும்."

வழியெல்லாம் அவள்மேல் கோபமாக வந்தது. ஒன்பது வருடப் பழக்கம், இப்படியா வாசலில் நிறுத்திக் கேட்பாள்.

செப்டம்பர் 4, திங்கள்

யாரோ இல்லை. நான்தான்.

நான்தான் சொன்னேன். மே மாதம், இரவுச் சாப்பாட்டு மேசையில். ஃபாதர் அன்று ஊர் நினைப்பில் வாடிப்போய் இருந்தார். அவரைச் சிரிக்கவைக்க என்று ஆரம்பித்தேன். "இதைக் கேளுங்க ஃபாதர், இவ தினமும் கடை திறந்ததும் பேய்க்கு மூணு வடை போடுவா." பேய் என்று சொன்னேன். வால்டெலீஸ் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. காவல் தெய்வம் என்றுதான் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். எங்கள் ஊரிலும் கடலுக்குப் போகும் முன் முதல் பிடிச் சோற்றைத் தண்ணீரில் போடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் பேய் என்றேன். ஃபாதர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு சொன்னேன்.

அளவு நோட்டையும் நான்தான் காட்டினேன். அவர் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனம் தெரியட்டும் என்று நானே எடுத்துவந்து பிரித்துவைத்தேன்.

எட்டரை வருடம் தமிழ் கேட்காத காது. அதற்காக ஒருத்தியின் பிழைப்பையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதியதும் பாதி தீரும் என்றார் அந்தச் சால்வடோர்ச் சாமியார். துளி தீரவில்லை.

செப்டம்பர் 9, சனி

காலையில் பயறு ஊறப்போடவில்லை. ஃபாதர் பத்து மணிக்கு வந்து பாத்திரங்களைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. நான் போடமாட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். நிதானமாகப் பேசினார். கூரை அடுத்த மழைக்குத் தாங்காது, மறைமாவட்டம் கைவிரித்துவிட்டது, பாலர் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கூரைக்கடியில்தான் உட்காருகிறார்கள். எல்லாம் உண்மை. தான் எங்கே போனாலும் ஒரு கோயிலையாவது நிமிர்த்திவிட்டுத்தான் வந்திருப்பதாகச் சொன்னார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

"அந்தம்மாவுக்குக் கெடுதல் நினைச்சா நான் செய்யுறேன்? மனந்திரும்பி வந்தா நம்ம கடையிலேயே வேலைக்கு வெச்சுக்கலாம்."

"அவ கடையில அவளையே வேலைக்கா?"

"நீங்க ரொம்ப நாள் இங்க இருந்துட்டீங்க சிஸ்டர். எது நம்மளுது, எது அவங்களுதுன்னு குழம்பிப்போச்சு. ஊருக்குப் போகணும்னா சொல்லுங்க, நான் புரவின்ஷியல் மதர்கிட்ட பேசறேன்."

அக்கறையோடு சொல்வதுபோல்தான் சொன்னார். சோற்றுப் பானையைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. மூடியை மட்டும் சரியாக வைத்தேன்.

கடையை ஜெரால்டோவின் மகள் போட்டாள். மாவை அடிக்கவேயில்லை. கல்லாக இருந்தது என்று கேள்வி. சந்தோஷப்பட்டேன். இதையும் பாவக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

பயறு அடிப்பிடித்தது. வியாழக்கிழமை காலை எங்கும் போவதற்கில்லை. அடுப்படியிலேயே நின்றும் கருகவிட்டேன்.

செப்டம்பர் 21, வியாழன்

நகராட்சி அலுவலகம், காலை ஒன்பது மணி. அதிகாரி லூசியாரா என்ற ஒரு நடுவயதுப் பெண். நீள மேசை. ஒரு பக்கம் ஃபாதர், ஜெரால்டோ, நான். ஃபாதருக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்துப்போயிருந்தார்கள். எதிரில் வால்டெலீஸ் மட்டும். முழு வெள்ளை உடுப்பில், மணிகளோடு வந்திருந்தாள். பின்னால் சுவரோரம் ஊர் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அடெமாரும் இருந்தார்.

அதிகாரி கடிதத்தை வாசித்தார். என் வாக்கியங்கள். புகையால் கறுத்த சுவர், பாதையை அடைக்கும் கூட்டம், மனம் வருந்தும் பங்கு மக்கள். இவ்வளவு அழகாக எழுதியிருக்கவேண்டாம்.

"வருத்தப்பட்ட பங்கு மக்கள் யாராவது எழுத்துல கொடுத்திருக்காங்களா பாத்ரே?"

நான் தமிழில் கேட்டேன். "வாய்மொழியா நிறையப் பேர் சொன்னாங்கன்னு சொல்லுங்க" என்றார் ஃபாதர்.

அதை அப்படியே போர்த்துக்கீசியத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். உட்காரவில்லை.

"அம்மா, இது அவர் சொன்னது. இந்தக் கடிதத்தை எழுதினது நான். நான் சொல்லலாமா?"

"சொல்லுங்க இர்மா."

"யாரும் புகார் சொல்லலை. எழுத்துலயும் இல்லை, வாயாலயும் இல்லை. சுவர் கறுப்பானது கூரை ஒழுகினதால. தண்ணி வடிஞ்ச தடம் மேலேர்ந்து கீழ வரைக்கும் இருக்கு, யார் வேணா வந்து பார்க்கலாம். பொய்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

"யாராவது மிரட்டி எழுத வெச்சாங்களா?"

"இல்லை. எழுதுங்கன்னாங்க, எழுதினேன். இவங்க மாவோட பக்குவத்தையும் நான்தான் கொடுத்தேன். இவங்க நம்பிக்கையைப் பத்திக் கேவலமா பேசினதும் நான்தான். ரெண்டும் இவங்களைக் கேக்காம."

ஜெரால்டோ வாயைப் பிளந்தபடி இருந்தார். ஃபாதருக்கு வார்த்தை முழுதும் புரியாவிட்டாலும் காரியம் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது என்பதுபோல, மெல்லிய குரலில், தமிழில் சொன்னார்.

"சிஸ்டர், வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. இவளுகளுக்கு என்ன தெரியப்போகுது. வெளிய போய் நான் பேசிக்கிறேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "பாத்ரே என்ன சொல்றார்?"

"இர்மாவுக்குக் களைப்பு, மன்னிக்கணும்" என்று ஃபாதர் தனக்குத் தெரிந்த போர்த்துக்கீசியத்தில் சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது. நாம் இரண்டு பேர்தானே இங்கே, என்பதுபோல.

நான் மொழிபெயர்க்க வந்தவள். மொழிபெயர்த்தேன். "வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். இந்தப் பெண்களுக்கு என்ன தெரியப்போகிறது என்றார். வெளியே போய்ப் பேசிக்கொள்வதாகச் சொன்னார்." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அம்மா, உங்க மொழியில 'இந்தப் பெண்கள்'னா அதுல ஒண்ணும் தப்பில்லை. எங்க மொழியில பெண்களைச் சொல்ல மரியாதையா ஒரு விதம் இருக்கு, மரியாதை இல்லாம ஒரு விதம் இருக்கு. அவர் சொன்னது ரெண்டாவது விதம். உங்களையும் சேர்த்துத்தான்."

சுவரோரத்தில் யாரோ செருமினார்கள். அதிகாரி பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார். வால்டெலீஸ் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குத் தீர்ப்பு. தடை நீங்கியது. அதே இடம், அதே நேரம். பங்கு கடை போடவேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், அந்த இடத்தில் முடியாது.

வெளியே படியில் ஃபாதர் என்னை நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு தமிழாளு இன்னொரு தமிழாளை அந்நியர் முன்னால இப்படிப் பண்ணுவாங்களா சிஸ்டர்?"

"யாரு ஃபாதர் அந்நியர்? டெங்குவுல பத்து நாள் கிடந்தப்போ அந்தப் பொம்பளைதான் எனக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்தினா. நீங்க வந்து ஏழு மாசம்."

காரில் ஏறவில்லை. நடந்தேன். மூன்று கிலோமீட்டர். செருப்பு கடித்தது. பாதி வழியில்தான் தெரிந்தது, கையில் இன்னும் அந்தக் கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன் என்று.

செப்டம்பர் 23, சனி

எங்கள் சபையின் மாநிலத் தலைவி, புரவின்ஷியல் மதரிடமிருந்து போன். ஃபாதர் இரண்டு நாள் முன்பே பேசியிருக்கிறார். மதர் நல்லவர். திட்டவில்லை. "நீங்க சொன்னது சரின்னே வெச்சுக்குவோம் ஜெனோவா. ஆனா இனி ஒரே வளாகத்துல நீங்க ரெண்டு பேரும் எப்படி?" வடக்கே, மரஞ்ஞாவோவில், நம் சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதி பஸ்.

"ஃபாதர் எங்கயாவது போறாரா மதர்?"

"அது ஆயர் பார்க்கவேண்டிய விஷயம்."

கீழ்ப்படிகிறேன் என்றேன். கோபம் இல்லாமல் சொன்னேன் என்று எழுதினால் பொய்.

ஃபாதருக்கு இன்று ஃபெய்ஜோவாடா வைத்தேன். ஃபரோஃபா கை நிறையத் தூவினேன். தலை நிமிராமல் ஒதுக்காமல் சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த மொழியிலும்.

செப்டம்பர் 26, செவ்வாய்

நாளை புனித கோஸ்மாஸ், தமியான். திருச்சபைக் கணக்கில் இன்றுதான். ஊர்க் கணக்கில் நாளை. இந்த இரட்டைப் புனிதர்களுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கரூரு செய்து ஏழு பிள்ளைகளைத் தரையில் பாய்போட்டு உட்காரவைத்து முதலில் ஊட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுவார்கள். கரூரு என்றால் வெண்டைக்காய். பொடியாக நறுக்கிக் காய்ந்த இறாலும் முந்திரியும் சிவப்பு எண்ணெயும் போட்டு வழவழவென்று கிண்டுவது. வால்டெலீஸ் வருடா வருடம் ஆயிரம் வெண்டைக்காய் போடுவாள். தெருவே சாப்பிடும்.

காலை எட்டு மணிக்குப் போனேன். அழைப்பு எதுவும் இல்லை. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். விடைபெற வந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பஸ் எப்போ?" என்றாள்.

"வியாழன்."

தள்ளி நின்றாள். உள்ளே போனேன். முற்றத்து மேசையில் மூன்று மூட்டை வெண்டைக்காய் கழுவி, துடைத்து, குவிந்திருந்தது. அவள் பேசாமல் ஒரு பலகையையும் கத்தியையும் எடுத்து எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

நறுக்கினேன். நுனியில் குறுக்காகக் கீறி, பிறகு சன்னமாக வெட்டவேண்டும். விரலெல்லாம் பிசுபிசுத்தது. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த மன்னிப்பு வாக்கியத்தை ஆரம்பித்தேன். "வால்டெலீஸ், நான் செஞ்சது..."

"தெரியும். நானும் அங்கதான் இருந்தேன்." கத்தியை நிறுத்தவில்லை. "எனக்கு இன்னும் ஆத்திரம் தீரலை. எப்ப தீரும்னு கேக்காதே. கூரைக்காக என் இடத்தைக் கேட்டிருந்தா, ஞாயித்துக்கிழமை ஒருநாளை நானே கொடுத்திருப்பேன். யாரும் என்னைக் கேக்கலை. நீயும் கேக்கலை."

எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. ஃபாதர்மேல், மதர்மேல், ஜெரால்டோமேல், வியாழக்கிழமை பஸ்மேல். இதை நான் இங்கேயே சரிசெய்துகொண்டிருக்க ஒரு வருடமாவது கொடுத்திருக்கலாம். கத்தி பலகையில் இடித்துக்கொண்டே இருந்தது. அவளுடையதும்.

ஒரு கிண்ணம் நிறைந்ததும் அவள் பக்கம் தள்ளினேன். இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். கத்தி முனையால் கிண்ணத்தை என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"பெருசா இருக்கு. பிள்ளைங்க தின்னணும். திரும்ப நறுக்கு."

திரும்ப நறுக்கினேன். மதியம் மணி அடித்தபோது இன்னும் இரண்டு மூட்டை இருந்தது.